ஃபிளாரன்ஸ் நகரில் ஏழு வாரம் தங்குவது: வீடு, சமையல், மூட்டுவலி குறித்து ஆலோசனை வேண்டும்

சூரமங்கலம் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வரும் செப்டம்பர் நடுவில் புறப்பட்டு, நவம்பரில் அவர் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டியிருப்பதால் அம்மாதத்தின் முதல் வாரத்தில் திரும்பும்படியாக, இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஒரே இடத்தில் தங்கியிருந்துவிட்டு வர எண்ணியிருக்கிறோம். பத்து நாளில் எட்டு நாடுகளைக் காட்டும் சுற்றுலாவுக்குப் போய்வந்த உறவினர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எதைப் பார்த்தீர்கள் என்று விவரம் கேட்டால் பேருந்தில் ஏறியதும் இறங்கியதும்தான் வெளியே வருகின்றன. அந்த ஓட்டம் எங்கள் உடம்புக்கு ஆகாது.

என் கேள்விகள் இவை. எனக்கு முழங்கால் மூட்டில் தேய்மானம் உண்டு. சமதளத்தில் நன்றாக நடப்பேன், படிகள்தான் தொல்லை. அப்படியிருக்க, பழைய நகரத்துக்குள்ளேயே வீடு எடுப்பது சரியா, அல்லது சற்றுத் தள்ளி எடுக்க வேண்டுமா? நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. வீட்டில் சமைத்துக்கொள்ள எதை இங்கிருந்து எடுத்துப் போகலாம், எதை அங்கே வாங்கலாம்? விசாவுக்கு வீட்டு முகவரி கேட்பார்கள் என்றால், விசா கிடைக்கும் முன்பே முழு வாடகையையும் கட்டிவிடுவது புத்திசாலித்தனமா? அங்கே இருந்து பழகியவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சேர்வராயன் மலைவாசி:

வணக்கம் அம்மா. நானும் என் மனைவியும் ஓர் இலையுதிர் காலம் முழுவதும் அந்நகரின் நடுவே ஓடும் ஆர்னோ ஆற்றின் தென்கரையில் வாடகைக்கு இருந்தோம். உங்கள் மூன்று கேள்விகளில் முதலாவதற்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன். வீடு சரியாக அமைந்துவிட்டால் மற்றவை தாமே வழிக்கு வந்துவிடும் என்பதும், வீடு தவறினால் அங்கே உள்ள எந்த ஓவியமும் அதை ஈடு செய்யாது என்பதும் என் உறுதியான எண்ணம்.

ஃபிளாரன்சின் பழைய நகரம் பெரும்பாலும் சமதளமாகவே இருக்கிறது. தென்கரையில் சான் மினியாத்தோ தேவாலயம் இருக்கும் பக்கம் மட்டும் மேடு. ஆகவே தெருவில் உங்கள் முழங்காலுக்குப் பெரிய சோதனை இல்லை. சோதனை வீட்டுக்குள்ளே இருக்கிறது. அந்தக் கட்டடங்கள் பல நூற்றாண்டுப் பழையவை. கூரை மிக உயரமாக இருப்பதால் ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் இடையில் நம் வீடுகளைவிடக் கூடுதலான படிகள் இருக்கும், பெரும்பாலானவற்றில் மின்தூக்கி இருக்காது. விளம்பரத்தில் "இரண்டாம் மாடி" என்று போட்டிருந்தால் நம் ஊர்க் கணக்கில் மூன்று மாடி ஏறுவதாகவே மனத்தில் கொள்ளுங்கள். மின்தூக்கி உண்டு என்று எழுதியிருந்தாலும், அது தரைமட்டத்திலேயே தொடங்குகிறதா, அரை மாடி ஏறிய பிறகா என்று தனியாகக் கேட்டு, வாசலிலிருந்து வீட்டுக் கதவு வரை எத்தனை படி என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். தரைத்தளம் என்றால் படி இல்லைதான். ஆனால் தடித்த கல்சுவரும் சிறிய சன்னலும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஏற்காட்டில் மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த பங்களாவைத் திறந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பகுதி என்று வரும்போது, பெரிய தேவாலயத்தைச் சுற்றியும் பொன்தே வெக்கியோ பாலத்தருகிலும் வீடு எடுக்காதீர்கள். பகலெல்லாம் கூட்டம், இரவில் பெட்டிச் சக்கரங்கள் கல் தெருவில் உருளும் சத்தம், மளிகைக் கடையும் அருகில் இருக்காது. கிழக்கே சான்த்தம்ப்ரோஜியோ சந்தையைச் சுற்றிய தெருக்களோ, தென்கரையில் சான் ஃபிரெதியானோ பகுதியோ உங்களுக்குப் பொருந்தும். அங்கே உள்ளூர்க்காரர்கள் இன்னும் வாழ்கிறார்கள், காய்கறிக் கடை இருக்கிறது, செருப்புத் தைப்பவர் இருக்கிறார். சான்த்தோ ஸ்பிரித்தோ சதுக்கம் பகலில் மிக அழகு; ஆனால் இரவு வெகுநேரம் வரை இளைஞர்கள் கூடிப் பேசும் இடம் அது, படுக்கையறைச் சன்னல் அதைப் பார்த்திருந்தால் உறக்கம் போய்விடும். படியே கூடாது என்றால் காம்போ தி மார்த்தே ரயில் நிலையத்தை அடுத்த குடியிருப்புகளைப் பாருங்கள். அவை பின்னாளில் எழுந்தவை, மின்தூக்கி உள்ள வீடுகள் அங்கே கிடைக்கும், நகரப் பேருந்தில் மையத்துக்கு வந்துவிடலாம். அழகு குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முகவரி தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த ஊரில் ஒரே தெருவில் இரண்டு வரிசை எண்கள் ஓடுகின்றன: கடைகளுக்குச் சிவப்பு, வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீலம். சிவப்பு 25க்கும் கறுப்பு 25க்கும் நடுவே தெருவில் பாதி தூரம் இருக்கலாம். முதல் நாள் பெட்டிகளோடு தவறான கதவைத் தட்டும் விருந்தினர்கள் பலர்.

இன்னும் இரண்டு செய்திகள். ஃபிளாரன்ஸ் அமைந்திருக்கும் தட்பவெப்ப மண்டலத்தில் வீடுகளின் மைய வெப்பமூட்டியை நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, அதுவும் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 12 மணி நேரம்தான் இயக்கலாம் என்று விதி இருக்கிறது. நீங்கள் போகும் காலம் கிட்டத்தட்ட முழுவதுமாக அதற்கு வெளியே விழுகிறது. அக்டோபர் கடைசியில் கல்வீடு நன்றாகக் குளிரும். கம்பளி தருவார்களா, குளிர்சாதனக் கருவியிலேயே வெப்பக் காற்றும் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்றொன்று மின்சாரம். பெரும்பாலான வீடுகளின் இணைப்பு 3 கிலோவாட் அளவில்தான் இருக்கும். துணி துவைக்கும் இயந்திரமும் மின்னடுப்பும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நேரத்தில் ஓடினால் இணைப்பு துண்டித்துக்கொள்ளும். அதை மீண்டும் போடும் விசை சில கட்டடங்களில் கீழ்த்தளத்து மீட்டர் பெட்டியில் இருப்பதால், மறுபடியும் உங்கள் படிக்கட்டுக்குத்தான் வந்து நிற்கிறோம்.

ஐந்துரோடு பயணி:

விசா பற்றி நான் எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் காலம், தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் குறுகியகால விசாவுக்குள் அடங்கும். எந்த 180 நாள் காலப்பகுதியிலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது, உள்ளே நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும் என்பதே விதி. பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் விண்ணப்பிக்க முடியாது. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. சேவை மையத்தின் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவையும் தாயகம் கொண்டுவரும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். உங்கள் வயதில் காப்பீட்டின் விலையை விட, முன்பே இருக்கும் நோய்களுக்கு அது என்ன செய்யும் என்ற பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

வாடகை விஷயத்தில், விசாவுக்கு முன் முழுத் தொகையையும் கட்டாதீர்கள். குறிப்பிட்ட தேதி வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய முன்பதிவே போதும். 2025 தொடக்கத்திலிருந்து இத்தாலியில் விருந்தினருக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் தேசிய அடையாள எண் வழங்கப்பட்டு, அதை விளம்பரத்திலும் வீட்டு வாசலிலும் காட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்த எண் இல்லாத விளம்பரத்தை அப்படியே கடந்துவிடுங்கள். ஒரே வீட்டை 30 நாளுக்கு மேல் ஒப்பந்தமாக எடுத்தால், அதை அங்குள்ள வரி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். உரிமையாளர் அதற்கு முகம் சுளித்தால் அவர் நேர்வழியில் விடவில்லை என்று பொருள். நகராட்சி வசூலிக்கும் தங்கல் வரி ஃபிளாரன்சில் ஓர் ஆளுக்குத் தொடர்ச்சியான முதல் 7 இரவுகளுக்கு மட்டும்தான் என்பதால், நீண்ட நாள் தங்குகிறவர்களுக்கு அது பெரிய சுமை அல்ல.

எந்த வழியாகப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். வளைகுடா வழியாக நேரே ரோமில் இறங்கினால் உங்கள் நுழைவு இத்தாலிய எல்லையிலேயே பதிவாகிவிடும். ஜெர்மனி போன்ற இன்னொரு ஷெங்கன் நாட்டில் நுழைந்து உள்நாட்டு விமானம் போல இத்தாலிக்கு வந்தால், வந்து 8 நாளுக்குள் காவல் தலைமையகத்தில் வருகையைத் தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு வருகிறது. விடுதியில் தங்குவோருக்கு விடுதியே அதைச் செய்துவிடும், தனி வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ரோமிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஃபிளாரன்ஸ் வந்துவிடும். ஐயா ரயில்வேக்காரர் என்பதால் ஒரு தகவல்: சாந்தா மரியா நொவெல்லா நிலையம் முட்டு நிலையம், வண்டி வந்த வழியே திரும்பித்தான் போகும். 1930களில் கட்டிய அந்த நிலையத்தைப் பார்க்கவென்றே கட்டடக்கலை மாணவர்கள் வருகிறார்கள்.

அஸ்தம்பட்டி சமையற்கட்டு:

அக்கா, சமையலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சைவத்துக்கு அந்த ஊர் மோசமில்லை. ஃபிளாரன்ஸ் அமைந்திருக்கும் தொஸ்கானா பகுதி மக்கள் பீன்ஸும் கொண்டைக்கடலையும் தாராளமாகச் சாப்பிடுகிறவர்கள். கடலை மாவும் ரவையும் சாதாரண பல்பொருள் அங்காடியிலேயே கிடைக்கும். இனிப்புச் சேர்க்காத கெட்டித் தயிரும் கிடைக்கும். அரிசி வாங்கும்போது மட்டும் கவனம். அவர்களுடைய ஆர்போரியோ, கார்னரோலி வகைகள் மாவுச்சத்தை விட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்பவை; சாதத்துக்குப் பாஸ்மதியே மேல். புழுங்கல் அரிசி, உளுந்து, புளி போன்றவற்றுக்கு ரயில் நிலையத்தையும் சான் லொரென்சோ பகுதியையும் சுற்றியுள்ள தெற்காசியக் கடைகளைப் பாருங்கள்.

இங்கிருந்து எடுத்துப் போவதில் சட்டம் கடுமையானது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பாற்பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, பால் பவுடர், பனீர் எல்லாம் அதில் அடங்கும். பச்சைக் காய், கனி, இலைகளுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே கறிவேப்பிலையைக் கொத்தாக எடுத்துப் போக முடியாது, பொடியாக்கி எடுத்துப் போகலாம். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, ஊறுகாய், பெருங்காயம், அப்பளம் போகும். நம்மூர் ஜவ்வரிசியும் தாராளமாகப் போகும். இரவில் உப்புமாவாகக் கிளறினால் வேலை முடிந்தது. குக்கர் எடுத்துப் போவதானால் அங்கே அடுப்பு எரிவாயுவா, இண்டக்‌ஷனா என்று முதலில் கேளுங்கள். அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் சூடேறாது. மிக்சிக்கு மின்னழுத்தம் பிரச்சினையில்லை, நம் மூன்று முள் பிளக்குதான் அங்கே நுழையாது.

வெளியே சாப்பிடும்போது மூன்று இடங்களில் ஏமாறுவோம். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் சேர்கிறது. காய்கறிச் சூப்பில் இறைச்சி வடித்த நீர் இருக்கலாம். கையால் பிசைந்த புதுப் பாஸ்தாவில் முட்டை இருக்கும். பாக்கெட்டில் வரும் காய்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமையும் தண்ணீரும்தான். பழைய ரொட்டியும் கருங்கீரையும் பீன்ஸும் சேர்த்துக் கொதிக்க வைக்கும் ரிபொல்லீத்தாவைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். அவர்கள் ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், முதல் வாரம் சப்பென்று இருக்கும்.

காப்பி குறித்து ஒன்று. எந்த இத்தாலிய வீட்டிலும் மோக்கா என்ற சிறிய அலுமினிய ஜாடி இருக்கும். அதில் ஏற்காட்டுக் காப்பித்தூளைச் சற்றுப் பெரிய பருவத்தில் அரைத்துப் போட்டால் நல்ல டிக்காஷன் இறங்கும். சிக்கரி கலந்த தூள் அதில் அடைத்துக்கொள்ளும். கலக்காததையே எடுத்துப் போங்கள்.

கன்னங்குறிச்சி நடையர்:

மலைவாசி ஐயா சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடில்லை. ஆனால் கேள்வியையே சற்று மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். மூட்டுவலி உள்ள ஒருவர் ஏழு வாரம் தங்குவதற்கு ஃபிளாரன்ஸ்தான் வேண்டுமா? பொலோஞ்ஞா நகரைப் பாருங்கள். அதிவேக ரயிலில் ஃபிளாரன்சுக்கு நாற்பது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். அந்த ஊரின் தூண் வரிசைத் தாழ்வாரங்கள் மொத்தம் 62 கிலோமீட்டர், அவற்றில் 38 கிலோமீட்டர் பழைய நகரத்துக்குள்ளேயே ஓடுகின்றன. 2021இல் யுனெஸ்கோ அவற்றைப் பட்டியலில் சேர்த்தது. மழையிலும் வெயிலிலும் குடை இல்லாமல், வழவழப்பான தரையில் நடக்கலாம். 1088இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் பல்கலைக்கழகம் இருப்பதால், சுற்றுலாப் பயணி இல்லாத நாளிலும் ஊர் உயிரோடு இருக்கும். ஃபிளாரன்சில் அக்டோபர், நவம்பர் மழை சாதாரணமல்ல. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ பெருகி சாந்தா குரோச்சே பகுதியில் ஆறு மீட்டருக்கும் மேல் நீர் நின்றது. அதன் குறிகள் இன்னும் சுவர்களில் இருக்கின்றன.

சேர்வராயன் மலைவாசி:

நண்பரே, தாழ்வாரம் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் பொலோஞ்ஞாவின் சமையல் முட்டைப் பாஸ்தாவிலும் இறைச்சியிலும் ஊன்றி நிற்பது. அம்மா முட்டையே தொடாதவர். மேலும், பார்க்க விரும்பும் ஊருக்கு ஒவ்வொரு முறையும் ரயிலேறிப் போனால், ஓரிடத்தில் குடியிருந்து பார்ப்பது என்ற அவருடைய திட்டமே மாறிவிடும். வெள்ளத்தைப் பொறுத்தவரை, அதை அஞ்ச வேண்டிய காரணமாக நான் கொள்ளமாட்டேன். மழைக்கோட்டும் வழுக்காத செருப்பும் எடுத்துப் போக வேண்டிய காரணமாகக் கொள்வேன்.

சூரமங்கலம் ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. பொலோஞ்ஞாவைக் கணவர் ஆவலோடு குறித்துக்கொண்டார்; ஒரு நாள் போய்வருவோம். என் மனம் ஃபிளாரன்சில்தான் இருக்கிறது, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபிளாரன்சை ஆண்ட மெதிச்சி மரபின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா, தன் குடும்பம் சேர்த்த கலைச் செல்வம் எதுவும் அந்த நகரத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று 1737இல் உடன்படிக்கை எழுதி வைத்தார். வகுப்பில் பலமுறை சொன்ன செய்தி அது. அந்தப் பெண்மணி காப்பாற்றிக் கொடுத்ததை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும்.

காம்போ தி மார்த்தேயில் மின்தூக்கி உள்ள வீடு ஒன்றையும், சான்த்தம்ப்ரோஜியோவில் முதல் மாடி வீடு ஒன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். படிகளின் எண்ணிக்கையைக் கேட்டு இரு வீட்டுக்காரர்களுக்கும் எழுதியாயிற்று. இன்னும் இரண்டு ஐயங்கள். உடம்புக்கு ஏதாவது வந்தால் எங்கே போவது? தினமும் அருங்காட்சியகம் போக முடியாது அல்லவா, மற்ற நாட்களை எப்படிக் கழித்தீர்கள்?

சேர்வராயன் மலைவாசி:

மருத்துவத்துக்கு: அவசர எண் 112. பெரிய தேவாலயத்துக்குக் கிட்டத்திலேயே சாந்தா மரியா நுவோவா மருத்துவமனை இருக்கிறது. 1288இல் நிறுவப்பட்டு இன்றும் அவசர சிகிச்சைப் பிரிவோடு இயங்குகிறது, வரலாற்று ஆசிரியைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். தினசரி மாத்திரைகளை முழுக் காலத்துக்கும் கணக்கிட்டு, மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டோடு கைப்பையில் எடுத்துப் போங்கள். பச்சைச் சிலுவை எரியும் கடைதான் மருந்தகம். காய்ச்சலுக்கு நாம் வாங்கும் பாராசிட்டமால் அங்கே தாக்கிபிரீனா என்ற வணிகப் பெயரில் பரவலாகக் கிடைக்கும். செப்டம்பரில் கொசு உண்டு, சன்னலில் வலை இருக்காது. நம்மூர் ஓடோமாஸ் ஒரு குழாய் போதும்.

நாட்களைக் கழிப்பது பற்றி: உஃபீத்சி ஓவியக்கூடமும் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காதெமியா அருங்காட்சியகமும் திங்கட்கிழமை மூடியிருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். அந்த நாளில் வரிசையைப் பார்த்தால் காசு கொடுத்துப் போவதே மேல் என்று தோன்றும். பெரிய தேவாலயத்தின் மேல் புருனெல்லெஸ்கி கட்டிய குவிமாடத்துக்கு 463 படிகள், மின்தூக்கி இல்லை. நீங்கள் அதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் ஒப்லாத்தே பொது நூலகத்தின் மாடிக்கு மின்தூக்கியில் போய், காப்பிக் கடையில் அமர்ந்து அதே குவிமாடத்தைக் கண்ணுக்கு நேராகப் பாருங்கள். நாங்கள் பெரும்பாலான முற்பகல்களை அங்கேதான் செலவிட்டோம். மருத்துவமனையும் நூலகமும் அக்கம்பக்கம். செவ்வாய் காலை காஷீனே பூங்காவை ஒட்டி நீளமான வாரச் சந்தை கூடும், ட்ராம் அருகிலேயே நிற்கும். அங்காடிகளில் பழத்தைக் கையால் தொடாமல், வைத்திருக்கும் கையுறையை மாட்டிக்கொண்டு எடுத்து, நீங்களே எடை போட்டுச் சீட்டு ஒட்ட வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்காரர்:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1593இல் அப்போது ஆண்ட மெதிச்சி கோமகன் முதலாம் ஃபெர்தினாந்தோ பொன்தே வெக்கியோ பாலத்திலிருந்த இறைச்சிக் கடைகளை அகற்றிப் பொற்கொல்லர்களை அமர்த்தினார். இன்று பாலத்தில் இருப்பவை பெரும்பாலும் விற்பனைக் கடைகள்தான். பட்டறையில் உளியும் ஊதுகுழலும் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் தென்கரையில் சான்த்தோ ஸ்பிரித்தோவைச் சுற்றிய சிறு தெருக்களுக்கு வார நாள் காலையில் போங்கள். கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைக்கும் நம் தெருக்காரர்கள் கண்ணுக்கு அந்த வேலை அந்நியமாகப் படாது. கதவு திறந்திருந்தால் வணக்கம் சொல்லி நின்று பார்க்கலாம். புகைப்படம் எடுக்கும் முன் கேளுங்கள். நண்பகல் உணவுக்குப் பல பட்டறைகள் அடைத்துவிடும், மூன்று மணிக்கு மேல்தான் மறுபடி திறக்கும்.

சூரமங்கலம் ஆசிரியை:

சான்த்தம்ப்ரோஜியோ வீட்டுக்காரர் பதில் அனுப்பிவிட்டார்: முதல் மாடிக்கு 34 படிகள், இருபுறமும் கைப்பிடி, நடுவில் நின்று மூச்சு வாங்க ஓர் அகலமான மேடை. எரிவாயு அடுப்பு, ஆகவே குக்கர் வரலாம். தேசிய அடையாள எண்ணும் தந்திருக்கிறார். மூட்டு மருத்துவரிடம் அடுத்த வாரம் இந்த 34 படிகளைச் சொல்லிக் கேட்டுவிட்டு, ரத்து செய்யும் வசதியோடு முன்பதிவு செய்கிறேன்.